கராசவா வீட்டு வாசலில் தொங்கிய முறைப்பலகை

இஸுமி தெரு,
டிசம்பர் முதல் வாரம்.

அன்பு மகள் கயோகோவுக்கு அம்மா தோமியே எழுதுவது.

நான் நலம், கடை நலம், இடது முழங்கால் பாதி நலம், கடை வாசலில் ஓடும் வாய்க்கால் முழு நலம். அங்கே லீமாவில் நீயும் மாப்பிள்ளை எர்னெஸ்தோவும் குட்டி எமியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவைத் திறக்கிறேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் எழுது. இதைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன், அதனால் எழுத்து அங்கங்கே துள்ளும், கை நடுக்கம் வந்துவிட்டது என்று பயந்துவிடாதே. நேற்றுக்கூட ஒருவருக்கு முகச்சவரம் செய்தேன், ஒரு கீறல் இல்லை.

வாய்க்கால் நலம் என்று படித்ததும் நீ புருவத்தைத் தூக்கியிருப்பாய். போன கடிதத்தில் நீ என்ன எழுதினாய் என்பது எனக்கு எழுத்து எழுத்தாக ஞாபகம் இருக்கிறது. உனக்கு வயசாயிடுச்சும்மா, தெருவே சரின்னு சொல்லும்போது நீ மட்டும் ஏன் முறைச்சுக்கிட்டு நிக்கிறே, மூடிட்டுப் போகட்டும், நீ நிம்மதியா இரு என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தைச் சீப்பு வைக்கும் இழுப்பறையில் அடியில் போட்டுவிட்டேன், இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணமும் அதுதான், தபால் தாமதம் ஒன்றும் இல்லை. உன் அண்ணன் தத்ஸுவோ கோடை விடுமுறைக்கு டோக்கியோவிலிருந்து வந்தவன் அவனும் அதையே சொன்னான், என் சமையலைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். பெற்ற பிள்ளைகள் இரண்டும் தெருக்காரர்கள் பக்கம். சரி, அது இருக்கட்டும். இப்போது எழுதுகிறேன், ஏனென்றால் இப்போது சொல்ல எனக்கு விஷயம் இருக்கிறது. எமியைத் தூங்க வைத்துவிட்டு, ஒரு காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்து படி.

உனக்குப் பாதி தெரியும், முழுசாகச் சொல்கிறேன். செர்ரிப் பூ உதிர்ந்து வாய்க்காலில் மிதந்து போய்க்கொண்டிருந்த நாட்களில்தான் தெருச் சங்கத் தலைவர் அகாஹனே வீடு வீடாக வந்தார். வாய்க்காலின் மேல் சிமென்ட் பலகைகளைப் போட்டு மூடிவிடலாம், மேலே கார் நிறுத்தலாம், அடியில் தண்ணீர் தன் பாட்டுக்குப் போகும், இனி அதை நாம் யாரும் சுத்தம் செய்ய வேண்டியதில்லை, எல்லாம் நகராட்சி பாடு என்றார். தெருவில் எல்லாருக்கும் வயதாகிவிட்டது, குனிந்து இலை அள்ளக்கூடிய முதுகு ஒன்றுகூட மிச்சம் இல்லை என்பது அவர் கட்சி. அவர் முதுகு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா, ஆரம்பப் பள்ளியில் எனக்கு அடுத்த பெஞ்சில் உட்கார்ந்து என் பென்சிலைக் கடித்தவர்தானே. இரண்டு கரையிலும் இருக்கிற எல்லா வீடுகளும் சம்மதித்தால்தான் மூடலாம் என்பது ஏற்பாடு. எல்லா வீடும் சம்மதித்தது. நான் மாட்டேன் என்றேன்.

ஏன் மாட்டேன் என்று யாராவது கேட்டார்களா என்றால் இல்லை, எப்போது சரி என்பாய் என்றுதான் கேட்டார்கள். நான் நடுநிலைப் பள்ளியோடு நின்றவள், முடிவெட்டுவதையே உன் அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டு பரீட்சை எழுதியவள், ஆனால் நூலகத்துக்குப் போய்ப் படிக்க எனக்கு யாரும் தடை போடவில்லை. குளிர்காலத்தில் கூரையிலிருந்து தள்ளுகிற பனியை எல்லாம் எதில் போடுகிறோம், இந்த வாய்க்காலில்தானே. மூடிவிட்டால் பனியை எங்கே போடுவது, அகாஹனே வீட்டு வரவேற்பறையிலா. தோஃபு கடை தீப்பிடித்த அன்று தீயணைப்பு வண்டி வருவதற்குள் எந்தத் தண்ணீரை வாளியில் அள்ளினோம். அதெல்லாம்கூடப் போகட்டும், மலை அடிவாரத்தில் ஊற்றாகக் கிளம்பி வருகிற தண்ணீர் இது, கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும்தான் இதில் எவனும் எச்சில் துப்ப யோசிப்பான். மூடிவிட்ட தண்ணீரை யாரும் பார்க்க மாட்டார்கள், பார்க்காத தண்ணீரில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் ஊற்றுவார்கள். நீ கிண்டர்கார்டன் தொப்பியோடு இதில் விழுந்து, தொப்பி மட்டும் கண்ணாடிக்கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தது உனக்கு மறந்திருக்கலாம். அதனால் நீச்சல் கற்றுக்கொண்டாய், அதையும் மறந்திருக்கலாம்.

என் மனதை மாற்ற ஒவ்வொருவராகக் கடைக்கு வந்தார்கள், முடிவெட்டிக்கொள்ளும் சாக்கில். கழுத்தில் சவரக்கத்தியை வைத்துக்கொண்டு, இப்ப சொல்லுங்க, வாய்க்காலைப் பத்தி என்னமோ சொல்ல வந்தீங்களே என்று கேட்பேன், ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. ஆப்பிள் கொண்டுவந்தார்கள், வீட்டில் போட்ட கீரை ஊறுகாய் கொண்டுவந்தார்கள். எல்லாவற்றையும் வாங்கிச் சாப்பிட்டேன், நன்றி சொன்னேன், மாட்டேன் என்றேன். இலையுதிர்காலத்தில் சங்கம் வெந்நீர் ஊற்றுக்குப் பேருந்தில் சுற்றுலா போனது, எனக்கு மட்டும் சொல்லவில்லை. மறந்தே போயிட்டோம் அக்கா என்றாள் கண்ணாடிக்கடை யானகி, திரும்பி வந்து எனக்கு ஒரு பொட்டலம் இனிப்பைக் கொடுத்தபோது. மறந்தவர்களுக்கு இனிப்பு வாங்க மட்டும் எப்படி ஞாபகம் வந்தது என்று கேட்டேன். அதையும் சாப்பிட்டேன், சிவப்புப் பயறு வைத்தது, நன்றாகவே இருந்தது.

அப்புறம்தான் உண்மையான இடி வந்தது. தோமியே சம்மதிக்கும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை, யாரும் பராமரிக்காத வாய்க்கால் ஆபத்தானது, அதை நாங்களாகவே மூடலாம் என்று நகராட்சி சொல்லிவிட்டது. அதிகாரி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பார், வாய்க்கால் சுத்தமாக இருந்து, தொடர்ந்து சுத்தம் செய்ய ஆளும் இருக்கிறது என்று தெரிந்தால் விட்டுவிடுவார், இல்லையென்றால் பனி விழுவதற்கு முன்னால் சிமென்ட் பலகை வந்துவிடும். இதைச் சொல்லும்போது அகாஹனே என் கண்ணைப் பார்க்கவில்லை. அன்றைக்கு இரவு நான் சாப்பிடவில்லை என்பதை உனக்குச் சொல்லக்கூடாது என்று இருந்தேன், சொல்லிவிட்டேன். இனி என் ஒருத்தி பிடிவாதம் போதாது. குனிகிற முதுகுகள் வேண்டும், அதற்கு நான் எங்கே போவேன்.

முறைப்பலகை உனக்கு ஞாபகம் இருக்கும், தண்ணீர் முறை என்று எழுதிக் கயிறு கட்டிய மரப்பலகை. யார் வீட்டு வாசல் ஆணியில் அது தொங்குகிறதோ அந்த வீட்டார் அந்த வாரம் முழுக்க, தெரு முனையில் வாய்க்காலுக்குக் குறுக்கே இருக்கிற இரும்புச் சல்லடையில் சிக்குகிற இலையை வாரிப்போட வேண்டும், வாரம் முடிந்ததும் அவர்களே கொண்டுபோய் அடுத்த வீட்டு ஆணியில் மாட்ட வேண்டும். அடுத்தவர் வாசலில் தொங்குகிற பலகையை வேறு யாரும் தொட மாட்டார்கள். தொட்டால், நீ சோம்பேறி, உன் வேலையை நான் செய்ய வேண்டியிருக்கிறது என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி. இது உனக்கே தெரியும்.

அக்டோபரில் ஒரு திங்கள்கிழமை யானகி தன் வாரத்தை முடித்துவிட்டுப் பலகையைக் கராசவா வீட்டு ஆணியில் மாட்டியிருக்கிறாள். பாவம் கராசவா, மனைவி தவறிப்போனதிலிருந்து ஜன்னல் கதவைக்கூடத் திறப்பதில்லை. அன்றைக்குக் காலையில்தான் அவருடைய மகன் வந்து அவரை நகோயாவுக்குத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டான். தெருவில் சொல்லிக்கொண்டு போனால் எல்லாரும் வழியனுப்ப வருவார்கள், தொந்தரவு என்று அவர் சொல்லாமலே கிளம்பிவிட்டார். வீடு காலி என்று திருடனுக்குத் தெரியக்கூடாதென்று மகன் ஒரு விளக்கை, சாயங்காலமானால் தானாக எரிகிற மாதிரி பொருத்திவிட்டுப் போயிருக்கிறான். அது எங்கள் யாருக்கும் தெரியாது.

பலகை தொங்கியது தொங்கியபடி இருந்தது. ஒரு வாரம் போயிற்று, அடுத்த வாரம் போயிற்று. பார்க்கிற எல்லாரும் என்ன நினைத்தோம் தெரியுமா, பாவம் மனுஷன் துக்கத்தில் இருக்கிறார், மெதுவாகச் செய்யட்டும். துரத்துகிற மாதிரி இருக்கக்கூடாது என்று அந்த வாசலைத் தாண்டும்போது பலகையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தோம். நீ ஏன் எடுக்கவில்லை என்று கேட்பாய். அடுத்த வீட்டு ஆணியில் கைவைக்கிற மாதிரியா என்னை வளர்த்தார்கள்? யானகி போய்ப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு பை ஆப்பிளை மாட்டினாள், அவருக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று. மறுநாள் பை காலி. ஆகா, சாப்பிடுகிறார், தேறிவிடுவார் என்று தெருவே சந்தோஷப்பட்டது. அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஒரு பை. வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பேரிக்காய், நான்கூட உன் பாட்டி முறையில் செய்த பூசணிக் கூட்டு ஒரு டப்பாவில் வைத்துவிட்டு வந்தேன். எல்லாம் காலி. டப்பாவைக் கழுவாமல் வைத்திருந்தாரே என்று மட்டும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மறுநாள் அதிகாரி வருகிறார். அகாஹனே முடிவெட்டிக்கொள்ள வந்தார், நல்லபடியாகத் தெரிய வேண்டுமே, இந்தத் தெருவில் வேறு கடை ஏது. காலையிலிருந்து மழை, அதோடு கோயில் கிங்கோ மரத்துக்கு என்ன தோன்றியதோ, வருஷா வருஷம் செய்கிற மாதிரி இலை முழுவதையும் ஒரே நாளில் உதறிவிட்டது. தெரு முழுக்க மஞ்சள். நான் அவருடைய வலது பக்கத்தை முடித்துவிட்டு இடது பக்கத்துக்குப் போனேன். அப்போது பார்க்கிறேன், தரையில் விழுந்திருந்த அவருடைய முடி மெல்ல எழுந்து வாசலைப் பார்த்துக் கிளம்புகிறது. கொஞ்சம் போய், திரும்பி உள்ளே வந்தது. கதவுக்கு அடியில் தண்ணீர். அவருடைய செருப்பு ஒன்று நாற்காலியைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அவர் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு, தோமியே, உன் கடை மிதக்குது என்றார், ஏதோ நான்தான் மிதக்க விட்ட மாதிரி.

வெளியே ஓடினோம், அவர் கழுத்தில் வெள்ளைத் துணி, தலையில் ஒரு பக்கம் புல்வெளி மறுபக்கம் காடு, என் கையில் கத்தரிக்கோல். வாய்க்கால் வழிந்து தெரு முழுக்கக் கணுக்காலுக்கு மேலே தண்ணீர், தண்ணீர் மேலே தங்கக் காசு மாதிரி கிங்கோ இலை. கயோகோ, கோபம் வர வேண்டிய நேரம், எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. யானகி வீட்டுக் குளத்துக்கும் வாய்க்காலிலிருந்துதானே தண்ணீர் போகிறது, அந்தக் குளத்து மீன்கள் எல்லாம் தெருவில். அவள் மேலாளர் என்று பெயர் வைத்திருக்கிறாளே ஒரு தடித்த சிவப்பு மீன், அது யாரையும் லட்சியம் செய்யாமல் தெரு நடுவில் நீந்தி வந்தது. ஐயோ தலைவரே, மேலாளரைப் பிடிங்க, மேலாளரைப் பிடிங்க என்று யானகி குடையைப் பிடித்துக்கொண்டு கத்த, அகாஹனே கழுத்துத் துணியை விரித்து வலையாகப் பிடித்துக் குனிந்தார். குனிய முடியாத முதுகு என்றாரே, அந்த முதுகு. மீன் துணிக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போயிற்று, தலைவர் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் என்னுடைய கடைத் துணி இவ்வளவு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டதில்லை.

எல்லாரும் முனைக்குப் போனோம். சல்லடை இருக்கிற இடமே தெரியவில்லை, இலை மேடு. அதற்கு நேர் எதிரே கராசவா வீடு, வாசலில் பலகை, மழையில் நனைந்து பளபளவென்று. அத்தனை பேரும் தண்ணீரில் நின்றுகொண்டு பலகையைப் பார்த்தோம். யானகிதான் சொன்னாள், முதல்ல கராசவா ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம், அவர் முறையாச்சே, நாமளா கை வச்சா மனசு நொந்துடுவாரு என்று. ஒருவரும் மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை. வரிசையாக நின்று, தண்ணீரில் மூக்கு தொடாத குறையாகக் குனிந்து, ஐயா, மன்னிக்கணும், தொந்தரவு பண்றோம் என்று கூப்பிட்டோம். பதில் இல்லை. அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் பட்டென்று விளக்கு எரிந்தது. இருக்கார், இருக்கார் என்று இன்னொரு தடவை குனிந்தோம். பதில் இல்லை. இன்னும் ஒரு தடவை. அப்போது யானகியின் முகம் வெளுத்துவிட்டது, விளக்கு எரியுது, ஆள் பேசலையே என்றாள். சிரிப்பெல்லாம் போய்விட்டது. என் பூசணிக் கூட்டு டப்பா வாசல் ஓரத்தில் மிதந்துகொண்டிருந்தது.

முனையில் சாம்பல் நிற அடுக்குமாடிக் கட்டடம் இருக்கிறதே, நீ போன பிறகு கட்டியது, அது வேண்டாம் என்று மனு எழுதியவள் நான்தான், இன்றைக்கும் அதன் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே இருப்பவர்களோடு தெருவுக்குப் பழக்கம் கிடையாது, வருவார்கள், போவார்கள். அங்கிருந்து ஒரு பெண் கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு இறங்கி வந்தாள், ஷியோஹரா என்று பெயர், ஆஸ்பத்திரியில் நர்ஸாம், இரவு வேலை முடித்துத் தூங்கி எழுந்த முகம். எல்லாரும் எதுக்குச் சுவத்தைக் கும்பிடறீங்க என்றாள். விவரம் சொன்னோம். போன் பண்ணிப் பார்த்தீங்களா என்றாள். துக்க வீட்டுக்குப் போன் செய்து தொந்தரவு செய்வதா என்று ஒருவருமே செய்யவில்லை. தலைவர் ஈரக் கையோடு மகன் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார். கராசவாவே எடுத்தார். நகோயாவில் உட்கார்ந்து விலாங்கு மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

தலைவர் சத்தமாக ஸ்பீக்கரில் போட்டார். ஆள் உயிரோடு இருக்கிற சந்தோஷத்தில் யானகி அழுதுவிட்டாள். ஆனால் கராசவாவுக்குப் பலகை தன் வாசலில் இருக்கிறது என்று தெரிந்ததும் அவர் தவித்த தவிப்பு இருக்கிறதே, மன்னிப்பு மேல் மன்னிப்பு, அவமானம் என்கிறார், தெரு முகத்தில் எப்படி விழிப்பேன் என்கிறார். கடைசியில், யாரும் தொடாதீங்க, என் முறை, இதோ கிளம்பி ரயில் பிடிச்சு வந்து நானே எடுக்கறேன் என்றார். அதற்கு நம் தலைவர், தண்ணீர் முழங்காலை நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறது, போனைப் பார்த்துக் குனிந்து, சரிங்க ஐயா, அவசரம் இல்லை, நாங்க காத்திருக்கோம் என்கிறார். நான் பார்த்தேன், எல்லாரும் தலையாட்டுகிறார்கள். காத்திருக்கத் தயார்.

ஷியோஹரா எங்களை ஒரு பார்வை பார்த்தாள். "அவர் வர்றதுக்குள்ள தண்ணி அவரைப் பார்க்க நகோயாவுக்கே போயிடும்" என்று சொல்லிவிட்டு, நேரே வாசலுக்குப் போய், மழைக்குக் குடை எடுக்கிற மாதிரி பலகையை ஆணியிலிருந்து எடுத்துவிட்டாள். யானகி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பெண் கயிற்றைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "பலகை யார்கிட்ட இருக்கோ அவங்க முறைதானே? இப்ப என்கிட்ட இருக்கு" என்றாள். கட்டடத்தைப் பார்த்து இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள், பெண்பிள்ளை அப்படி அடித்து நான் கேட்டதில்லை. மாடிக்கு மாடி தலைகள் தெரிந்தன. இறங்கி வந்தார்கள், சமையல் சட்டியோடு ஒருத்தன், குழந்தைகளின் மணல் வாளியோடு ஒருத்தி, குளியலறைச் செருப்போடு ஒருத்தன். இரும்புச் சல்லடையைத் தூக்கி நிறுத்தி, இலையை அள்ளி அள்ளிப் போட்டார்கள். நான் சும்மா நிற்பேனா, என் முடி வாருகிற பெரிய துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். திடீரென்று ஒரு பெரிய மிடறு விழுங்குகிற சத்தம், அவ்வளவுதான், தெருத் தண்ணீர் மொத்தமும் திரும்பி வாய்க்காலுக்குள் இறங்கிப் போனது. தெரு கை தட்டியது. மேலாளரை மணல் வாளியில் பிடித்து யானகியிடம் கொடுத்தார்கள், வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பைகளை யார் காலி செய்தது என்பதும் அன்றைக்கே தெரிந்துவிட்டது. கராசவா வீட்டுக் கூரைக்கு அடியிலிருந்து ஒரு கொழுத்த மரநாய் எட்டிப் பார்த்து, தண்ணீர் பிடிக்காமல் உள்ளே போய்விட்டது. என் பூசணிக் கூட்டை இத்தனை ருசித்துச் சாப்பிட்டது உன் அப்பாவுக்குப் பிறகு அதுதான்.

அகாஹனே ஈரத்தோடு கடைக்குத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார், மிச்சத்தையும் வெட்டிடு தோமியே, நாளைக்கு அதிகாரி வர்றார் என்றார். வாய்க்கால் நிலைக்குமா போகுமான்னு தெரிஞ்ச பிறகு மிச்சத்தை வெட்டறேன் என்று சொல்லிவிட்டேன். கெஞ்சினார். வெந்நீர் ஊற்றுச் சுற்றுலாவுக்கு என்னை மறந்தீங்களே, அந்த மாதிரி இடது பக்கத்தை நான் மறந்துட்டேன்னு வச்சுக்கோங்க என்றேன். நான் செய்தது சரிதான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

ஞாயிறு காலை சங்கக் கூடத்துக்குத் தொப்பியோடு வந்தார். அதிகாரி சின்னப் பையன், உள்ளே வந்ததும் மரியாதையாகத் தன் தொப்பியைக் கழற்றினான், வேறு வழியில்லாமல் தலைவரும் கழற்ற வேண்டியதாயிற்று. கூடம் வெடித்துச் சிரித்தது. முதலில் கோபமாக நின்றவர் ஜன்னல் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு அவரே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஷியோஹராவும் கட்டடத்துக்காரர்களும் உள்ளே வந்தார்கள். கூடத்தில் உள்ளே போட்டுக்கொள்ளும் செருப்புகளை உறுப்பினர் வீடுகளுக்கு மட்டும்தான் வைத்திருக்கிறோம், அவர்களுக்குச் செருப்பு இல்லை, காலுறையோடு குளிர்ந்த தரையில் நின்றார்கள். அதைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது. என் செருப்பைக் கழற்றி அந்தப் பெண்ணின் பக்கம் தள்ளினேன், அவள் போட்டுக்கொண்டாள்.

அதிகாரி, சல்லடை சுத்தமாத்தான் இருக்கு, ஆனா இனிமே யார் செய்வாங்க என்று கேட்டான். ஷியோஹரா கையைத் தூக்கினாள். தூக்கிய கையோடு தலைவர் பக்கம் திரும்பி, "நாங்க இங்கே குடிவந்து இத்தனை வருஷமாச்சு, பலகையை ஏன் ஒரு தடவைகூட எங்ககிட்ட கொண்டு வரல?" என்றாள். அகாஹனே அந்தப் பாதித் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார், நிஜமாகவே யோசித்தார், பொய் சொல்லத் தெரியாத மனிதர். "உங்க கட்டடத்துக்கு வாசக்கதவு கிடையாது. ஆணி இல்லை. எங்கே மாட்டறதுன்னு யாருக்கும் தெரியலம்மா" என்றார். அவ்வளவுதான் காரணம், கயோகோ. குனிகிற முதுகுகள் ஒரு கட்டடம் நிறைய இருந்திருக்கின்றன, வாசலில் ஒரு ஆணி இல்லை. முதலில் சிரித்தது நான். பிறகு அந்தப் பெண் சிரித்தாள். அவள் சிரித்த பிறகு மற்றவர்களுக்கும் சிரிக்கலாம் என்று தெரிந்தது.

அதிகாரி எழுதிக்கொண்டான், சிமென்ட் பலகை இப்போதைக்கு இல்லை, இந்தக் குளிர்காலம் போகட்டும், எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று வசந்தத்தில் வந்து பார்க்கிறேன் என்றான். வசந்தத்தில் வேண்டாம் தம்பி, பிப்ரவரியில் வா, மண்வெட்டியோடு வா, பனியை எங்கே போடுகிறோம் என்று காட்டுகிறேன் என்றேன். வருவதாகச் சொன்னான். வந்தால் சூடாகச் சூப் வைத்துக் கொடுப்பேன், தலைமுடியும் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது அவனுக்கு.

கூட்டம் கலைந்ததும் நேரே கடைக்கு வந்து தலைவரின் இடது பக்கத்தை முடித்தேன், கழுத்துக்குச் சூடான துண்டும் போட்டேன். உன்னோட ஜெயிக்க முடியாது தோமியே என்றார். ஜெயிச்சது நான் இல்லை, மரநாய் என்றேன். அன்றைக்குச் சாயங்காலமே உன் அப்பாவின் சுத்தியலை எடுத்துக்கொண்டுபோய் அந்தச் சாம்பல் நிறக் கட்டடத்தின் நுழைவுத் தூணில் ஒரு பெரிய ஆணி அடித்தேன். கட்டடத்தின் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் அடித்தேன், அவர் போனிலேயே இரண்டு தடவை நன்றி சொன்னார். யானகிக்கு மனசு கேட்கவில்லை, அந்தப் பெரிய ஆணியில் மாட்டுகிற மாதிரி பலகையின் கயிற்றை மாற்றிப் புதுசு கட்டினாள், சிவப்புக் கயிறு. கராசவா நகோயாவிலிருந்து எல்லா வீட்டுக்கும் மன்னிப்புக் கேட்டு ஒவ்வொரு பெட்டி பலகாரம் அனுப்பியிருக்கிறார், கட்டடத்தில் ஒவ்வொரு கதவுக்கும்கூட. நீ சாப்பிட வேண்டும் என்று என் பங்கில் பாதியை எடுத்து வைத்திருக்கிறேன், கெட்டுப்போகாத ரகம், இந்த வாரம் பார்சலில் மிசோ சோயா விழுதோடு வரும்.

உங்கள் பகுதியில் வாரத்தில் சில நாள்தான் குழாயில் தண்ணீர் வருகிறது, தண்ணீர் லாரியை எதிர்பார்த்து நிற்கிறோம் என்று எழுதியிருந்தாய். லாரிக்காக நிற்கிற நேரத்தில் பக்கத்து வீட்டாரிடம் பேசு, கயோகோ. வெட்கப்பட்டுக்கொண்டு செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. உன் ஸ்பானிஷ் தப்பாக இருந்தால் இருக்கட்டும், தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள், சிரித்தவர்கள் அடுத்த தடவை உன் குடத்தையும் நகர்த்தி வைப்பார்கள். உங்கள் மாடியில் சேர்த்து வைக்கிற தொட்டி இருக்கிறதே, அதை மாசத்துக்கு ஒரு தடவையாவது தேய்த்துக் கழுவு, எர்னெஸ்தோவை இறக்கிவிடு, ஒல்லியானவன், உள்ளே புகுவான். காய்ச்சாமல் எமிக்குக் கொடுக்காதே. வேகமாகச் சாப்பிடாதே, அது சின்ன வயசிலிருந்தே உனக்குக் கெட்ட பழக்கம்.

நீ மூடிவிடச் சொன்னதை நான் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. அதற்கு நீ செய்ய வேண்டியது ஒன்றுதான், அடுத்த கோடையில் மூவரும் வாருங்கள், நம் வீட்டு முறை வருகிற வாரம் பார்த்து நான் தேதி எழுதுகிறேன், நீ ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஒரு வாரம் இலை அள்ளு, நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். தர்பூசணியை வாய்க்காலில் கட்டிக் குளிரவைத்து எமிக்குக் காட்டுவேன். அவள் விழுந்தால் விழட்டும், தொப்பி போட்டுக் கூட்டிவா. தத்ஸுவோவிடமும் சொல், அவனுக்கும் ஒரு வாரம் இருக்கிறது.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், வீட்டில் தண்ணீர் குறையாமல், பக்கத்து வீட்டாரோடு சிரிப்பு குறையாமல் வாழ வேண்டும் என்று கோயிலில் கிங்கோ மரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டேன். அந்த மரத்துக்கு நன்றியும் சொன்னேன், அடுத்த வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கச் சொன்னேன். இன்னும் எழுதலாம், ஆனால் இப்போதுதான் வாசலில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன், ஷியோஹரா தன் வாரத்தை முடித்துவிட்டுப் பலகையைக் கொண்டுவந்து நம் ஆணியில் மாட்டிவிட்டு, உள்ளே தொந்தரவு செய்யக்கூடாது என்று சொல்லாமலே ஓடப் பார்த்தாள். பழகிவிட்டாள். நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன், உள்ளே உட்கார்ந்து தேநீர் குடிக்கிறாள். அவள் குடித்து முடித்ததும் நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு முனைக்குப் போக வேண்டும், இது என் வாரம்.

என்றும் உன் அம்மா,
மொமோசே தோமியே